மலிவு மடிக்கணினி: எதைக் குறைத்தார்கள், யாருக்காகக் குறைத்தார்கள்?

(ஜவளகிரியில் ஆசிரியர்கள், மாணவர்கள், தொழிலாளர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலிவு விலை மடிக்கணினிகள் எங்கே பிறந்தன, அவற்றின் வயிற்றுக்குள் என்னென்ன இருந்தன என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கலிபோர்னியாவிலும் தைவானிலும் நடந்த கதைதானே என்று தோன்றலாம். அந்தக் கதையில் திருவண்ணாமலை வருகிறது, கொடைக்கானல் வருகிறது. நமக்கு எல்லை தாண்டினால் வந்துவிடும் பெங்களூரு வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரும் வருகிறது. நம் பிள்ளைகளின் கைக்கு ஒரு கணினி வந்து சேர்ந்ததற்குப் பின்னால் முப்பது ஆண்டு முயற்சி இருக்கிறது. அந்த முயற்சியில் ஈடுபட்டவர்களில் சிலர் தோற்றார்கள், சிலர் பாதி வென்றார்கள். அவர்கள் எல்லோரிடமிருந்தும் நமக்குக் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பொருளின் விலையைக் குறைக்க வேண்டுமானால் அதற்குள் எதையாவது குறைத்தே ஆக வேண்டும். எதைக் குறைப்பது என்று முடிவெடுக்கிறவருக்கு, அந்தப் பொருள் யார் வீட்டுக்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து குறைத்தால் அந்தப் பொருள் நிலைக்கும். தெரியாமல் குறைத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வீண் செலவு.

இதை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. ஐம்பது சிசி இன்ஜின். கியர் மாற்றும் வேலை கிடையாது. வேகம் குறைவு. பளபளப்பு குறைவு. ஆனால் இரண்டு பேர் உட்காரலாம் என்பதை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை. பின்னால் மூட்டை வைக்கலாம் என்பதையும், எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டலாம் என்பதையும் குறைக்கவில்லை. அதனால்தான் பால் கேனும் தக்காளிக் கூடையும் அதன்மேல் ஏறிச் சந்தைக்குப் போயின. இதே கண்ணோடு இப்போது கணினிகளைப் பார்ப்போம்.

திருவண்ணாமலைச் சிறுவன் செய்த கணினி

1939ல் பாங்காக்கில் ஒரு பையன் பிறந்தான். பெயர் ஆடம் ஆஸ்பர்ன். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். தாய் லூசியா போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரில் தந்தை தாய்லாந்தில் ஜப்பானியர் முகாமில் அடைபட்டுக் கிடந்தபோது, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் ஆசிரமத்தை ஒட்டி வாழ்ந்தார்கள். போர் முடிந்து தந்தையும் அங்கேயே வந்து சேர்ந்தார். ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். 1964ல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. மகன் ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்குப் போனான், பிறகு இங்கிலாந்து சென்று வேதிப்பொறியியல் படித்தான், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றான்.

அமெரிக்காவில் அவர் நுண்செயலிகளைப் பற்றி எளிய நூல்கள் எழுதினார். அவற்றை அவரே பதிப்பித்தார். அந்தப் பதிப்பகத்தை 1979ல் மெக்ரா-ஹில் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கையில் பணம் வந்ததும், லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளரிடம் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கணினியை வடிவமைக்கச் சொன்னார். 1981 ஏப்ரலில் ஆஸ்பர்ன் 1 வெளிவந்தது. மக்கள் கடையில் வாங்கித் தூக்கிப்போன, பெரிய அளவில் விற்ற முதல் கணினி அது.

அதன் உள்ளே பார்ப்போம். இசட்80 செயலி, வேகம் 4 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 64 கேபி. இரண்டு ஃப்ளாப்பி டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 90 கேபி எழுதலாம். திரை வெறும் 5 அங்குலம், ஒரு வரியில் 52 எழுத்துகள். எடை சுமார் 11 கிலோ. பேட்டரி கிடையாது, பிளக் போட்டால்தான் ஓடும். தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்குவது போல அதைத் தூக்கிப் போக வேண்டும். விலை 1,795 டாலர்.

இன்று இது பெருந்தொகையாகத் தெரியும். அன்றைக்கு அதே வேலையைச் செய்யும் மேசைக் கணினியையும் மென்பொருள்களையும் தனித்தனியே வாங்கினால் இதைவிட வெகு அதிகமாகும். ஆஸ்பர்ன் எடுத்த முடிவுகளைக் கவனியுங்கள். திரையைக் குறைத்தார். வட்டின் கொள்ளளவைக் குறைத்தார். அழகைக் குறைத்தார். கடையில் ஏற்கெனவே கிடைக்கும் உறுப்புகளாகப் பார்த்துச் சேர்த்தார். ஆனால் முழு அளவு விசைப்பலகையைக் குறைக்கவில்லை. வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் என்று தேவையான மென்பொருள் முழுவதையும் அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். கணினியை வாங்குகிறவர் வேலைக்காகத்தான் வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாதத்துக்குப் பத்தாயிரம் கணினிகள் வரை விற்ற காலமும் வந்தது.

அந்த நிறுவனம் 1983 செப்டம்பரில் திவாலானது. 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிக் கணினி வந்ததும், அடுத்த மாடல் பற்றிய செய்தி முன்கூட்டியே பரவி, கையிருப்புச் சரக்கு தேங்கியதும் காரணங்கள். ஆஸ்பர்ன் 1992ல் நோயுற்று இந்தியா திரும்பினார். 2003 மார்ச் 18 அன்று கொடைக்கானலில் காலமானார். தான் படித்த அதே மலையில் அவர் வாழ்வு முடிந்தது. நம் மண்ணில் வளர்ந்த ஒருவர் உலகத்துக்கே தூக்கிச் செல்லும் கணினியைப் பழக்கினார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு பேட்டரியில் ஓடியது

ஆஸ்பர்ன் விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பியது. 1983ல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. திரையில் எட்டே வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். அடிப்படை மாடலில் நினைவகம் 8 கேபி மட்டும். விலை 1,099 டாலர். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவிலான பேட்டரி நான்கு போட்டால் இருபது மணி நேரம் ஓடும்.

அதைப் பத்திரிகை நிருபர்கள் கொண்டாடினார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து செய்தி எழுதி, தொலைபேசிக் கம்பி வழியே அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் எழுதலாம். அணைத்தாலும் எழுதியது அழியாது. அதன் மென்பொருளில் பெரும்பகுதியைத் தன் கையால் எழுதியதாகவும், அப்படி எழுதிய கடைசிக் கணினி அதுதான் என்றும் பில் கேட்ஸ் சொல்லியிருக்கிறார். மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, திரையையும் செயலியையும் அதற்கு ஏற்ப அமைத்த கணினி அது. மழைக்காற்று அடித்தால் கரண்ட் போய்விடும் காட்டோர ஊர்களில் இருக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டர்

அடுத்தது பெங்களூரு. 1998ல் அங்கே நடந்த ஒரு கருத்தரங்கில் ஏழை நாடுகளுக்கான கணினி எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே போன்றோரும் சேர்ந்து அந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார்கள். சிம்ப்யூட்டர் அறக்கட்டளை உருவானது. 2001ல் முதல் மாதிரி வந்தது.

அது கைக்குள் அடங்கும் கருவி. இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 206 மெகாஹெர்ட்ஸ். மென்பொருள் லினக்ஸ். தொடுதிரை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, இந்திய மொழி எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளையும் உருவாக்கினார்கள். அதிலிருந்த ஒரு யோசனையை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஆளுக்கொரு கருவி வாங்க நம் ஊர்களால் முடியாது, ஊருக்கு ஒன்று போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால் ஸ்மார்ட் கார்டு நுழைக்க இடம் வைத்தார்கள். கருவி பொதுச்சொத்து, அட்டை அவரவர் சொத்து. உங்கள் அட்டையைச் செருகினால் உங்கள் விவரம் வரும், எடுத்துவிட்டால் அடுத்தவருக்குத் தரலாம்.

சுமார் 9,000 ரூபாய்க்குத் தர வேண்டும் என்பது இலக்கு. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்க, அமிடா சிம்ப்யூட்டர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது தொடக்க மாடலே பத்தாயிரத்தைத் தொட்டது; வண்ணத்திரை மாடல் இருபதாயிரத்தை ஒட்டியது. எதிர்பார்த்த அளவுக்கு அரசு ஆர்டர்கள் வரவில்லை. ஆயிரக்கணக்கில் மட்டும் செய்யும் பொருளுக்கு உறுப்பு விலை இறங்காது. லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்குத்தான் இறங்கும். அதற்குள் மொபைல் போன் ஊருக்குள் வந்துவிட்டது. சிம்ப்யூட்டர் நின்றுபோனது.

அதைத் தோல்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தொடுதிரை, தாய்மொழி, குரல், பொதுப் பயன்பாடு என்று அவர்கள் தொட்டதெல்லாம் பின்னால் உலகம் ஏற்றுக்கொண்டவைதான். வடிவமைப்பில் அவர்களுக்குக் குறை இல்லை. அவர்களுக்கு இல்லாதது மொத்தமாக வாங்கும் கை.

நூறு டாலர் கனவு

2005 ஜனவரியில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே டாவோஸ் மாநாட்டில் நூறு டாலர் மடிக்கணினியை அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் துனிசியாவில் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானுடன் சேர்ந்து மாதிரியைக் காட்டினார். குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்பது திட்டம். பெயர் எக்ஸ்ஓ.

எக்ஸ்ஓவின் ஹார்டுவேரில் என் மதிப்பைப் பெற்ற பகுதி திரை. மேரி லூ ஜெப்சன் என்ற பொறியாளர் ஏழரை அங்குலத்தில் புதிதாக ஒரு திரையைக் கொண்டுவந்தார். அறைக்குள் வண்ணத்தில் தெரியும். கொளுத்தும் வெயிலில் கொண்டுபோனால் பின்விளக்கை அணைத்துவிட்டு, சூரிய வெளிச்சத்திலேயே கறுப்பு வெள்ளையில் படிக்கலாம். மரத்தடியில் பள்ளி நடக்கும் என்பதை யோசித்துச் செய்த திரை அது. செயலி 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட். நினைவகம் 256 எம்பி. சுழலும் ஹார்டு டிஸ்க் கிடையாது, 1 ஜிபி ஃப்ளாஷ் சிப் மட்டும். ஃபேன் கிடையாது. ரப்பர் விசைப்பலகை, தூசியும் தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது. பக்கத்துக் குழந்தையின் கணினியோடு நேரடியாகப் பேசிக்கொள்ளும் வைஃபை வலை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் பிரிக்கலாம். தொலைந்துபோகும் என்று தெரிந்து, கைப்பிடிக்குள் உபரி ஸ்க்ரூக்களைக்கூட வைத்தார்கள்.

2007ல் தைவானின் குவான்டா நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியபோது விலை நூறு டாலரில் நிற்கவில்லை, இருநூறை நெருங்கியது. உருகுவே நாடு தன் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தது. பெரு நாடு பெருமளவில் வாங்கியது. இந்திய அரசு 2006லேயே இந்தத் திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும் அதைவிட அவசரமான தேவை என்பது அப்போது வைத்த வாதம். மகாராஷ்டிராவில் கைராத் என்ற சிற்றூர்ப் பள்ளியில் சோதனை நடந்தது. உலகம் முழுவதும் சேர்த்து முப்பது லட்சம் அளவில் எக்ஸ்ஓ போய்ச் சேர்ந்தது.

அந்தத் திட்டத்தில் குறைத்திருக்கக் கூடாததைக் குறைத்தார்கள் என்பதே என் கருத்து. குறைந்தது ஆசிரியரின் பங்கு. கணினியைக் குழந்தை கையில் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஆசிரியர் பயிற்சிக்குப் பல இடங்களில் உரிய இடம் தரவில்லை. நல்ல ஸ்க்ரூவும் நல்ல திரையும் இருந்தும், வகுப்பறைக்குள் அது எங்கே உட்காரும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போயிற்று.

நெட்புக் காலம்

ஆனால் எக்ஸ்ஓ தொழில்துறையை உலுக்கிவிட்டது. இன்டெல் தன் பங்குக்கு கிளாஸ்மேட் பிசி என்ற பள்ளிக் கணினியைக் கொண்டுவந்தது. தைவானின் ஆசுஸ் நிறுவனம் 2007 அக்டோபரில் ஈ பிசி 701ஐ வெளியிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. 7 அங்குலத் திரை. 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் செயலி, அதையும் பேட்டரியை மிச்சப்படுத்த 630க்குக் குறைத்து ஓட்டினார்கள். நினைவகம் 512 எம்பி. சேமிப்பு 4 ஜிபி ஃப்ளாஷ். மென்பொருள் லினக்ஸ்.

ஏன் 7 அங்குலம்? கையில் வைத்துப் படம் பார்க்கும் டிவிடி பிளேயர்களுக்காக அந்த அளவுத் திரைகள் ஏற்கெனவே பெருமளவில் உற்பத்தியாகி மலிந்திருந்தன. ஏன் ஃப்ளாஷ்? கேமராக்களும் பாட்டுக் கருவிகளும் மொபைல்களும் வாங்கிக் குவித்ததால் அதன் விலை சரிந்திருந்தது. ஏன் அந்தச் செயலி? அது பழைய தலைமுறை. மலிவுக் கணினியின் வரலாறு முழுவதிலும் இதைக் காணலாம். வேறொரு பொருளுக்காகச் செய்து விலை இறங்கிய உறுப்பைச் சரியான நேரத்தில் கண்டுகொள்வதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

இந்தியாவில் எச்சிஎல் நிறுவனம் 2008 ஜனவரியில் கிளாஸ்மேட் வடிவமைப்பை ஒட்டி மைலீப் என்ற சிறு கணினியை 14,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இன்டெல் ஆட்டம் செயலி வந்தது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் செயலி. விற்பனையை நிறுத்தவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை இந்தச் சிறு கணினிகளுக்காகவே மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது. உலகம் முழுக்க நெட்புக் பரவியது. 2010க்குப் பிறகு ஐபேடும் டேப்லெட்டும் வந்ததும் அடங்கியது. ஏழு அங்குலத் திரையில் இணையப் பக்கம் முழுதாகத் தெரியாது. சிறிய விசைகளில் பெரியவர் விரல் பதியாது. ஏழைக் குழந்தைக்கென்று தொடங்கிய எண்ணம், வசதியுள்ளவர்களின் இரண்டாவது கணினியாக முடிந்துபோனது.

2011: இரண்டு திட்டங்கள்

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2011ல் மூன்றே வார இடைவெளியில் இரண்டு திட்டங்கள் தொடங்கின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வந்தது தெளிவாகிவிடும்.

அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனத்திடம் அரசு வாங்கும் விலை 2,300 ரூபாயைக்கூடத் தொடவில்லை. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2. உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பெயர் வாங்கியது. ஆனால் அழுத்தித் தொட்டால்தான் திரை கேட்கும். வேகம் போதாது. பேட்டரி ஒரு பள்ளிநாளுக்குக் காணாது. விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு, அந்த விலைக்குள் எதை அடக்கலாம் என்று பார்த்த கருவி அது.

அதற்கு முன்பே, செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும். முதல் ஆண்டுக்கு 9 லட்சத்து 12 ஆயிரம் பேர் என்பது கணக்கு. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டது. ஏசர், லெனோவோ, எச்சிஎல் போன்ற நிறுவனங்கள் தந்தன.

இங்கே எடுத்த முக்கியமான முடிவைப் பாருங்கள். நெட்புக் புகழோடு இருந்த நேரம் அது. அதையே கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். தமிழ்நாடு 14 அங்குலத் திரையும், முழு விசைப்பலகையும், 2 ஜிபி நினைவகமும், 320 ஜிபி ஹார்டு டிஸ்கும் உள்ள முழுக் கணினியைக் கேட்டது. திரையையும் விசைப்பலகையையும் குறைக்கவில்லை. மென்பொருளில் சிக்கனம் செய்தார்கள். விண்டோஸ் 7 வரிசையில் மிக எளிய ஸ்டார்ட்டர் பதிப்பு ஒருபுறம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறம். பெங்களூருப் பேராசிரியர்களுக்குக் கிடைக்காத மொத்தக் கொள்முதல் என்ற வலிமை இங்கே இருந்ததால் விலை படிந்தது. தூக்கி எறியும் கருவி வேண்டாம், கல்லூரி முடியும்வரை உழைக்கும் கருவி வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

அடுத்துவந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. உலகம் முழுவதும் எக்ஸ்ஓ சென்றதைவிட அதிகம். ஒரே ஒரு மாநிலத்தில். இலவசம் என்று இதை இழித்துப் பேசியவர்கள் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி முறைகேடான நடத்தை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நான் சட்டம் பேச வரவில்லை. கேழ்வரகு விளையும் மேட்டுநிலத்தில் குடியிருக்கும் ஒரு வீட்டில், அந்த வீட்டின் முதல் கணினி பதினேழு வயதுப் பெண்ணின் பெயரில் வந்து இறங்கியது. அண்ணனோ மாமாவோ வாங்கி அவளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்த கணினி இல்லை அது. அவளுடையது. அதன் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

திட்டத்தின் குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணினி வந்த வேகத்தில் அதைப் பாடத்தோடு இணைக்கும் வேலை வரவில்லை. இணைய இணைப்பு பல ஊர்களில் இல்லை. தமிழ் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை முறை 1999லிருந்தே அரசின் தரமாக இருக்கிறது. அதைப் பழக்கிவிட ஆளில்லாமல் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதானால் எங்கே போவது என்பதற்கு வழி இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்ததும் நம் பகுதிப் பிள்ளை ஓசூருக்குப் போக வேண்டும். அங்கே முடியாவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி பஸ்ஸிலேயே போய்விடும். 2019-20க்குப் பிறகு வழங்குவதும் நின்றது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, கணினி மிகத் தேவைப்பட்ட காலத்தில் அது கைக்கு வரவில்லை.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவு வரலாறு சொன்னது ஒரு காரியத்துக்காகத்தான். அந்த ஐம்பது லட்சத்தில் எத்தனையோ கணினிகள் இன்று பரணிலும் பீரோவுக்கு அடியிலும் கிடக்கின்றன. பெரும்பாலானவை சாகவில்லை. அவற்றை எழுப்புவது எப்படி என்று சொல்கிறேன், ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரி. உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது. கழற்றித் தனியே வைத்து மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும். பேட்டரி இல்லாமலும் சார்ஜரில் நேரடியாக அந்தக் கணினிகள் பொதுவாக ஓடும். அடுத்தது ஹார்டு டிஸ்க். மெதுவாக ஓடுகிறது என்று ஒதுக்கிய கணினிகளில் பெரும் குற்றவாளி அதுதான். அதே இடத்தில் அதே அளவு எஸ்எஸ்டி பொருந்தும். நான்கைந்து ஸ்க்ரூதான் வேலை. மூன்றாவது நினைவகம், இன்னொரு ரேம் செருக இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவதாக, மதர்போர்டில் காசு அளவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும்; தேதி தவறினால் பல இணையதளங்கள் திறக்க மறுக்கும். கணினியே கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்தச் சிறு பேட்டரியால்தான். கடைசியாக, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவிட்டால், எழுதவும் கணக்குப் போடவும் நிரல் பழகவும் அது போதும்.

இதை ஒரு பிள்ளை தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சிம்ப்யூட்டர் செய்தவர்களின் யோசனையை இங்கே எடுத்துக்கொள்வோம்: கருவி பொது, பயன் அவரவருக்கு. நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை போதும். ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. நம் ஊரில் ஐடிஐ படித்தவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் கைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் விலையுயர்ந்த ஐபோன்களின் உடற்கூடு தயாராகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் கைக்கு ஒரு பழைய மடிக்கணினி எம்மாத்திரம்? விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் அவர்கள் தந்தால் போதும்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டம் வரும்போது, எப்போது வரும் என்று மட்டும் கேட்கிறோம். எப்படிப்பட்டது வேண்டும் என்றும் கேட்போம். மாற்றக்கூடிய பேட்டரி வேண்டும். ரேமும் டிஸ்கும் பலகையோடு ஒட்டிப்போகாமல் கழற்றிப் பூட்டும்படி வேண்டும். விசைகளின்மேல் தமிழ் எழுத்து வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் பழுதுபார்க்க ஓரிடம் வேண்டும். நமக்கு அது தேன்கனிக்கோட்டையில் இருக்கட்டும். உதிரி உறுப்பு ஐந்தாண்டுக்குக் கிடைக்கும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். இவை எதுவும் பெரிய செலவு இல்லை. எக்ஸ்ஓவின் கைப்பிடிக்குள் உபரி ஸ்க்ரூ வைத்தவர்கள் நம்மைவிடப் பணக்காரர்களாக இருந்ததால் வைக்கவில்லை. குழந்தை அதைத் தொலைக்கும் என்று தெரிந்ததால் வைத்தார்கள்.

எதைக் குறைப்பது என்று இதுவரை டாவோஸிலும் தைவானிலும் டெல்லியிலும் முடிவு செய்தார்கள். காட்டோரத்தில் கரண்ட் எப்போது போகும் என்பதும், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசித் தமிழில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு எது தடை என்பதும் நமக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறக்காவிட்டால் தெரியாதவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, இன்று கலைந்து போவதற்கு முன் நான் சொன்ன கோரிக்கைகளைப் பட்டியலாக எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் எல்காட்டுக்கும் அனுப்புவோம்.